ரூஃப் டென்ட் வேணாம், ரெண்டு நீல பின் போதும்

போன வாரம் ஒரு கொட்டேஷன் வந்துச்சு. படிச்சதுல இருந்து வயிறு எரியுது. அந்த எரிச்சல்லதான் இந்தப் பதிவு. நீளமா போகும், டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

எங்க வீட்டு வண்டி ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட், டீசல், 2016 மாடல். மறைமலை நகர்ல வீடு, ஒரகடத்துல வேலை. தினமும் சிங்கப்பெருமாள் கோயில் வழியா கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல போயிட்டு வர்ற வண்டி. ஞாயித்துக்கிழமை மீன் மார்க்கெட். நடுவுல அப்பாவுக்கு கண் ஆஸ்பத்திரி. லீவு சேர்ந்தாப்ல கிடைச்சா ஏதாவது ஒரு மலை. அவ்வளவுதான் அதோட வாழ்க்கை.

இதுல நண்பன் ஒருத்தன், "மச்சி, சிட்டில ஒரு கடை இருக்கு, வண்டியை கேம்பிங்குக்கு ஏத்த மாதிரி அப்படியே மாத்திக் குடுத்துடுவாங்க"ன்னு நம்பர் குடுத்தான். போட்டோ அனுப்பினேன். பதிலுக்கு ஒரு பட்டியல் வந்துச்சு:

ரூஃப் டென்ட். அதைத் தாங்க ரூஃப் ராக்.
முன்னாடி இரும்பு பம்பர்.
மேல நீளமா ஒரு எல்.இ.டி. லைட் பார்.
ஸ்நோர்க்கல் (ஆமா, ஸ்நோர்க்கல்).
ரெண்டு இன்ச் லிஃப்ட் கிட்.
ஜெர்ரி கேன் மாட்ட ஸ்டாண்ட். கேன் தனி.

கடைசில இருந்த தொகையைச் சொல்ல மாட்டேன். இந்த வண்டியை இன்னைக்கு வித்தா வர்ற காசுல பாதிக்கு மேல. அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துட்டு, "ஏன்டா, இந்தக் காசுக்கு ஏற்காட்டுல வருஷம் பூரா ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துடலாமே"ன்னாரு. கணக்குப் போட்டேன். எடுத்துடலாம்.

சரி, ஒவ்வொண்ணா பிரிச்சு மேயுறேன். எனக்கும் மனசு ஆறணும்ல.

இரும்பு பம்பர். இதை மாட்டக் கூடாதுன்னு 2017 டிசம்பர்லயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிடுச்சு. காரணம் நியாயமானது. மோதும்போது வண்டியோட முன்பக்கம் நசுங்கணும், அப்படி நசுங்கித்தான் அடியை வாங்கிக்கும். ஏர்பேக் எப்ப விரியணும்ங்கிற கணக்கும் அதை வெச்சுத்தான். முன்னாடி இரும்பைக் கட்டிட்டா அந்த அடி சேஸிஸ் வழியா நேரா உள்ள வரும். வெளிய நடந்து போறவன் மேல பட்டா கேக்கவே வேணாம்.

லிஃப்ட் கிட், பெரிய டயர் எல்லாம் மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல மாட்டும். கம்பெனி குடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.க்கும் ஒத்து வராத மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்தமா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்னு இருக்கு. கவனிச்சுப் படிங்க, ஒரு மாற்றத்துக்கு. இந்தப் பட்டியல்ல எத்தனை மாற்றம்னு நீங்களே எண்ணிக்குங்க. போலீஸ் பிடிக்கலைன்னாலும், நாளைக்கு ஒரு ஆக்சிடென்ட்னா இன்சூரன்ஸ்காரர் முதல்ல வண்டியைச் சுத்தி வந்து போட்டோ எடுப்பாரு.

அதோட ஈக்கோஸ்போர்ட் முன் சக்கரத்துல இழுக்குற வண்டி. ரெண்டு இன்ச் தூக்கினா டிரைவ் ஷாஃப்ட் கோணம் மாறும். பூட் கிழியும், கிரீஸ் வெளிய வரும், ஜாயிண்ட் போகும். எதுக்கு? கம்பெனியே 200 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் குடுத்திருக்கான். நான் போற கேம்ப் சைட்டு ரோட்டுல பால்காரர் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.ல முன்னாடி போயிட்டிருப்பாரு.

ஸ்நோர்க்கல்... 2015 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூர் பக்கம் இருந்திருந்தா உபயோகப்பட்டிருக்கலாம். (அப்பவும் படகுதான் வந்துச்சு.) 550 மில்லிமீட்டர் தண்ணி வரைக்கும் இந்த வண்டி போகும்னு ஃபோர்டே விளம்பரம் பண்ணிச்சு. அதுக்கு மேல தண்ணி ஓடுற இடத்துல எனக்கு ஒரு வேலையும் இல்ல.

ரூஃப் டென்ட்டுக்கு வருவோம். இதுலதான் நிறைய பேர் மயங்குறாங்க. நானும்தான். ஏணி போட்டு ஏறி, ஜன்னல் வழியா மலையைப் பார்த்துக்கிட்டு காபி குடிக்கிற அந்த போட்டோ இருக்கே, யாருக்கும் ஆசை வரும். ஆனா அந்த டென்ட் அம்பதுல இருந்து எழுபது கிலோ. அது வண்டியோட உச்சந்தலையில உக்காரும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. தலையில அரிசி மூட்டையோட மாடிப்படி ஏறித் திரும்புற மாதிரி ஒவ்வொரு வளைவுலயும் வண்டி ஆடும். போட்டோவுல இது தெரியாது.

ரூஃப் லோடுன்னு மேனுவல்ல ஒரு எண் இருக்கும், அதையும் பாருங்க. அது வண்டி ஓடும்போது மேல வைக்கக் கூடிய எடை, ராக்கோட எடையையும் சேர்த்து. நின்ன இடத்துல தாங்குறது வேற, ஓடும்போது தாங்குறது வேற. கடைக்காரர் முதல் கணக்கைச் சொல்லி ரெண்டாவதுக்கு வித்துடுவாரு.

இன்னொண்ணு. டென்ட்டைக் கழட்டி இறக்க ரெண்டு பேர் வேணும். அதனால யாரும் கழட்ட மாட்டாங்க. திங்கக்கிழமை காலைல ஆபீஸ் பார்க்கிங்ல டென்ட்டோட வந்து நிப்பாங்க. வருஷம் பூரா அந்த எழுபது கிலோவை ஜி.எஸ்.டி. ரோட்டுல சுமந்து, மைலேஜை அதுக்குத் தானம் பண்ணிக்கிட்டு.

எனக்கு ஒரே ஒரு விதிதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கால் மணி நேரத்துல வண்டிக்குள்ள ஏறணும், ஞாயித்துக்கிழமை ராத்திரி கால் மணி நேரத்துல இறங்கணும். ஒரு ஓட்டை போடக் கூடாது, ஒரு ஒயர் வெட்டக் கூடாது. திங்கக்கிழமை அது வெறும் ஆபீஸ் வண்டி.

இந்த விதியை வெச்சுக்கிட்டு எங்கெங்கயோ தேடிட்டு, கடைசில பதில் கிடைச்சது என் ஷாப் ஃப்ளோர்லயே.

நான் ஒரு பார்ட்ஸ் கம்பெனில குவாலிட்டி. எங்க பார்ட்டு இங்கிருந்து லாரில ஏறி ஊர் ஊரா போகுது. குண்டும் குழியுமான ரோட்டுல, ஒரு கீறல் விழாம, ஒண்ணோட ஒண்ணு உரசாம. எப்படிப் போகுது? நீல கலர் பிளாஸ்டிக் பின்னுல, அதாவது பெட்டியில. அந்த பின்னை வைக்குற டிராலி எதுல செஞ்சது? லீன் பைப்புல. இந்த ஏரியால ஏதாவது ஒரு கம்பெனிக்குள்ள போயிருந்தீங்கன்னா பார்த்திருப்பீங்க. மேல பிளாஸ்டிக் கோட்டிங் போட்ட 28 மில்லிமீட்டர் இரும்பு பைப், மூலைக்கு மூலை கறுப்பு ஜாயிண்ட். வெல்டிங் கிடையாது. ஒரு ஆலன் கீ இருந்தா டேபிள் ஆகும், ராக் ஆகும், டிராலி ஆகும். பிடிக்கலைன்னா பிரிச்சுட்டு வேற செய்யலாம்.

ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து மறைமலை நகர் வரைக்கும் சாமானை ஆடாம அசையாம கொண்டு போறதையே தொழிலா வெச்சிருக்குற லட்சக்கணக்கான பேர் இருக்கோம். அப்புறம் எதுக்கு வெளிநாட்டு டிராயர் சிஸ்டம்னு லட்ச ரூபாய் குடுக்கணும்?

வேலை இப்படிப் போச்சு.

பழைய ஈக்கோஸ்போர்ட்ல பின் சீட்டை மடிச்சா டிக்கி தரையும் சீட்டோட முதுகும் ஒரே மட்டத்துக்கு வராது. ஒரு படி நிக்கும். (2017 இறுதில வந்த புது மாடல்ல டிக்கி தரையை உயர்த்தி வெச்சுக்கலாம். அது இருக்குறவங்க அதிர்ஷ்டசாலிங்க.) அந்தப் படியைச் சமன் பண்ணத்தான் பிளாட்ஃபாரம்.

முதல்ல கார்பென்டர் கிட்ட பேசினேன். அவரு, "18 எம்.எம். மரைன் ப்ளை போட்டுடலாம் சார், யானை ஏறினாலும் தாங்கும்"னாரு. யானை ஏறப்போறதில்ல. எட்டுக்கு நாலு அடி ஷீட் 18 எம்.எம்.ல கிட்டத்தட்ட 37 கிலோ. 12 எம்.எம். போட்டா 25 கிலோ. பிளாட்ஃபாரத்துக்கு ஷீட்டுல பாதி கூட தேவையில்ல, மிச்சத்துல ஒரு மடக்குப் பலகையும் ஜாக் கட்டையும் வந்துடுச்சு. மேல 12 எம்.எம். ப்ளை, கீழ லீன் பைப் சட்டம். பைப் மீட்டருக்கு முக்கால் கிலோ கிட்டதான் வருது. சட்டம் முழுக்க ஒரு கையில தூக்கிடலாம்.

சட்டத்துக்குக் கீழ 600க்கு 400 மில்லிமீட்டர் பின் ரெண்டு, பக்கத்துல பக்கத்துல. ஒண்ணு சமையல், ஒண்ணு மத்ததெல்லாம். பின் டோரைத் திறந்தா ரெண்டையும் டிராயர் மாதிரி வெளிய இழுக்கலாம். சேனல் இல்ல, பேரிங் இல்ல, பின்னோட அடிப்பக்கம் வழுவழுன்னு இருக்கு, அதுவே போதும்.

ஒரு பிரச்சனை வந்துச்சு. லீன் பைப் ஜாயிண்ட் ஃபேக்டரி தரையில நிக்க செஞ்சது. ரோட்டுல அதிர்வுல போல்ட் மெதுவா லூஸ் ஆகுது. ஜவ்வாது மலை ஏறி முடிக்கிறதுக்குள்ள உள்ள இருந்து கிடுகிடுன்னு சத்தம். நைலாக் நட் போட்டேன், கொஞ்சம் குறைஞ்சுது. அப்புறம் லைன்ல செய்யுறதையே செஞ்சேன். போல்ட்டை டைட் பண்ணிட்டு, போல்ட் தலையில ஆரம்பிச்சு ஜாயிண்ட் வரைக்கும் மஞ்சள் பெயின்ட் மார்க்கர்ல ஒரு கோடு. கோடு நேரா இருந்தா போல்ட் அசையல. கோடு முறிஞ்சிருந்தா லூஸ். கிளம்புறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு ஒரு பார்வை. ஆலன் கீ தொங்குறதுக்கு பைப்புலயே ஒரு கொக்கி.

இதைப் பார்த்துட்டு என் மனைவி, "வண்டில மட்டும் இவ்ளோ ஃபைவ் எஸ் பார்க்குறீங்களே, வீட்டுல அந்த பீரோவைக் கொஞ்சம் திறந்து பாருங்களேன்"னா. அது வேற டிபார்ட்மென்ட்.

பிளாட்ஃபாரத்தை வண்டியோட சொந்தக் கொக்கிகள்ல ரேச்செட் பெல்ட் போட்டு இழுத்துக் கட்டணும். இதுல சோம்பேறித்தனம் கூடாது. 60 கிலோமீட்டர் வேகத்துல போயி மோதி நிக்கிறது கிட்டத்தட்ட 14 மீட்டர் உயரத்துல இருந்து, அதாவது நாலு மாடி மேல இருந்து விழுறதுக்குச் சமம். கட்டாத தண்ணி கேன் அந்த வேகத்துல நம்ம முதுகை நோக்கித்தான் வரும். 20 லிட்டர் கேன்னா 20 கிலோ. அதனால கேனை முன் சீட்டுக்குப் பின்னாடி, கால் வைக்குற பள்ளத்துல வைக்குறேன். கனமானது எல்லாம் கீழ, ரெண்டு ஆக்சிலுக்கும் நடுவுல.

பின் வாங்குறதைப் பத்தி ஒரு எச்சரிக்கை. ஸ்க்ராப் கடையில கம்பெனி பேர் அடிச்ச பின் மலிவா கிடைக்கும். வாங்காதீங்க. அது திரும்பிப் போகவேண்டிய பின், யாரோ கிளப்பிட்டு வந்தது. புதுசே ஒண்ணும் பெரிய விலை இல்ல. லீன் பைப் மட்டும் ஸ்க்ராப்ல தாராளமா வாங்கலாம், லைன் மாத்தும்போது கம்பெனிங்களே ஏலத்துல விடுறாங்க. நான் வாங்கின கடை அண்ணன், "தம்பி, இதுல வீட்டுக்கு செருப்பு ஸ்டாண்டா?"ன்னாரு. "இல்லண்ணே, படுக்க"ன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு எடை போட்டாரு.

இப்ப தூக்கம்.

வெளிப்படையா சொல்லிடுறேன். ஈக்கோஸ்போர்ட் நாலு மீட்டருக்குள்ள அடங்குற வண்டி. வரிச் சலுகைக்காக அப்படிச் செஞ்சது. அந்தக் கணக்கு ராத்திரி நம்ம முட்டில இடிக்கும். முன் சீட்டை முழுசா முன்னாடி தள்ளி, நடுவுல வர்ற பள்ளத்துக்கு அந்த மடக்குப் பலகையைப் போட்டாதான் கால் நீட்ட முடியுது. ரெண்டு பேர் படுக்கலாம், அதுல ஒருத்தர் ஸ்கூல் போற வயசா இருந்தா. எங்க வீட்டுல மனைவியும் பொண்ணும் உள்ள, நான் வெளிய சாதா டென்ட்ல. எனக்கு அதுல வருத்தமே இல்ல. (குறட்டை பத்தி அங்க ஒரு தரப்பு கருத்து இருக்கு. அதை இங்க பதிவு பண்ண மாட்டேன்.)

நண்பனோட டஸ்டர்ல கதையே வேற. அதுவும் நம்ம ஒரகடத்துல செஞ்ச வண்டிதான், 2012ல வந்துச்சு. டிக்கி 475 லிட்டர், எங்களுது 350 கிட்ட. அவன் காலை நீட்டிப் படுத்துக்கிட்டு எனக்கு செல்ஃபி அனுப்புவான்.

வண்டிக்குள்ள தூங்கும்போது ஏசி போட்டுக்கிட்டு எல்லா கண்ணாடியையும் ஏத்திவிடுறவங்க இன்னும் இருக்காங்க. தயவுசெஞ்சு வேணாம். நின்ன இடத்துல எஞ்சின் ஓடும்போது கார்பன் மோனாக்சைடு உள்ள வந்தா மணம் தெரியாது, கண் எரியாது, எழுந்திருக்கவும் மாட்டோம். அதே காரணத்துக்காக டென்ட்டுக்குள்ளயும் வண்டிக்குள்ளயும் அடுப்பு கூடாது, கரி அடுப்பு சுத்தமா கூடாது.

அப்ப காத்து? ரெண்டு பின் கதவுக்கும் டெய்லர் கிட்ட கொசுவலையில தலைகாணி உறை மாதிரி தைக்கச் சொன்னேன், கீழ எலாஸ்டிக் வெச்சு. கதவைத் திறந்து மேல இருந்து மாட்டி மூடினா கண்ணாடியை பாதி இறக்கிக்கலாம். கொசு வராது, காத்து வரும். டோர் வைசர் இருந்தா சாரல் மழைக்கும் தாங்குது. மறைவுக்கு சன்பேக் ஷீட். ஆமா, கட்சி போர்டு, வாடகைக்கு விடப்படும் போர்டு எல்லாம் அடிக்கிற அதே ஷீட். ஃபேக்டரில பார்ட்டுக்கு நடுவுல தடுப்பா வைப்போம். கண்ணாடி அளவுக்கு நியூஸ்பேப்பர்ல அச்சு எடுத்து கட்டரால வெட்டினா ஒரு சாயங்கால வேலை. நின்ன பிறகு மட்டும் வைக்கணும், ஓடும்போது கழட்டிடணும். கறுப்பு ஃபிலிம் ஒட்டுற யோசனையே வேணாம், அதை 2012லயே சுப்ரீம் கோர்ட் தடை பண்ணிடுச்சு.

கரன்ட்டுக்கு ரெண்டாவது பேட்டரி, இன்வெர்ட்டர், சோலார்னு ஒரு உலகமே இருக்கு. போகாதீங்க, காசு கரைஞ்சுடும். கணக்கு சின்னது. யு.எஸ்.பி. ஃபேன் 5 வாட். எட்டு மணி நேரம் ஓடினா 40 வாட்-அவர். 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க்ல பேருக்கு 74 வாட்-அவர், கைக்கு வர்றது அறுபது கிட்ட. ஆக, ஒரு ராத்திரிக்கு ஒரு ஃபேன், ஒரு பவர் பேங்க். பகல்ல வண்டி ஓடும்போது திரும்ப சார்ஜ். ஃபிரிட்ஜுக்குப் பதிலா ஐஸ் பாக்ஸ், ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலை ஃப்ரீசர்ல கல்லாக்கி உள்ள வெச்சா பாலும் முட்டையும் மறுநாள் வரைக்கும் தாங்குது. கரைஞ்ச பிறகு குடிச்சுக்கலாம்.

ஏசி வேணும்னா மேல ஏறுங்க. ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி கிட்ட குறையுது, எந்த கம்ப்ரஸரும் வேணாம்.

சமையல்ல என் கொள்கை கொஞ்சம் கேவலமானது. முதல் நாள் சமைக்கவே கூடாது. அம்மா கட்டிக் குடுக்குற புளியோதரையும் வத்தலும் எந்த கேம்பிங் கிச்சனையும் தோக்கடிச்சுடும். மறுநாளைக்குத்தான் அடுப்பு. சின்ன பியூட்டேன் கேன் அடுப்பு, அதுவும் வண்டிக்கு வெளிய. வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள கேனை விட்டுட்டுப் போகக் கூடாது. வீட்டு சிலிண்டரைத் தூக்கிட்டு வர்ற ஆளுங்களையும் பார்த்திருக்கேன். 2023 ஆகஸ்ட்ல மதுரைல நின்னுட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிஞ்சு 9 பேர் செத்தாங்களே, விதியை மீறி உள்ள ஏத்தின சிலிண்டராலதான்.

ஈக்கோஸ்போர்ட்டோட பின் கதவைப் பத்தி சொல்லியே ஆகணும். முதுகுல ஸ்டெப்னியைச் சுமந்துக்கிட்டு பக்கவாட்டுல திறக்குற கதவு. பார்க்க ஜீப் மாதிரி இருக்கும், பார்க்கிங்ல உயிரை வாங்கும். மத்த வண்டில கதவு மேல திறக்கும், மழைக்கு அதுவே கூரை. எங்களுக்கு அது இல்ல. அதனால சில்பாலின் தார்ப்பாய். நெல்லு மூட ஊர்ல போடுவாங்களே, அதேதான். ரூஃப் ரெயில்ல ரெண்டு மூலை, ரெண்டு கம்பத்துல ரெண்டு மூலை. விலையைக் கேட்டா அந்தக் கடைக்காரரோட "ஆனிங்" அழுதுடும். கதவு சரிவுல தானா ஆடும், ஸ்டெப்னி கனம் வேற. ஒரு ரப்பர் கயிறு போட்டு நிறுத்திக்குங்க, இல்லைன்னா தோசைக்கல்லோட சேர்த்து நம்மளையும் தள்ளிவிடும். நல்லது ஒண்ணு, அந்த ஸ்டெப்னி மேல ஒரு பை மாட்டிட்டா குப்பை முழுக்க வண்டிக்கு வெளியவே திரும்பி வந்துடும்.

காசு செலவழிச்சே தீரணும்னா டயருக்குச் செலவழிங்க. எங்க வண்டிக்கு 205/60 ஆர்16. அதே அளவு, நல்ல நாலு டயர், ஸ்டெப்னியும் உயிரோட இருக்கணும். ஒரு 12 வோல்ட் ஏர் கம்ப்ரஸர், பஞ்சர் கிட். ஜாக்குக்கு அடில வைக்க ப்ளைவுட்ல ஒரு சதுரக் கட்டை, ஈர மண்ணுல ஜாக் எப்படி உள்ள இறங்கும்னு பார்த்தவனுக்குத்தான் அதோட அருமை தெரியும். அப்போலோ ஒரகடத்துல, ஜே.கே.வும் சியட்டும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம்னு டயர் ஃபேக்டரிகளுக்கு நடுவுல குடியிருந்துக்கிட்டு மொட்டை டயர்ல மலை ஏறுறதுக்கு தனி தைரியம் வேணும்.

வண்டியைப் பத்தி "ஃபோர்டா? கம்பெனிதான் மூடிட்டுப் போயிட்டானே"ன்னு கேக்காத ஆள் இல்ல. 2021 செப்டம்பர் 9, மூடுற அறிவிப்பு வந்த நாள், எங்க ஊர்ல யாருக்கும் மறக்காது. 2022 ஜூலையோட இங்க மறைமலை நகர் ஃபேக்டரில கடைசி ஈக்கோஸ்போர்ட்டும் லைனை விட்டு இறங்கிடுச்சு. ஐக்கான், எண்டெவர், ஃபிகோன்னு எல்லாம் இங்க பொறந்ததுதான். என் தெருவுலயே அந்த கேட்டை நம்பி இருந்த வீடுங்க உண்டு. இப்ப 3,250 கோடில இன்ஜின் செய்யப் போறோம், 2029ல ஆரம்பிக்கும்னு 2025 அக்டோபர்ல ஒப்பந்தம் போட்டிருக்காங்க. வந்தா சந்தோஷம். எனக்குக் கிடைச்ச லாபம் வேற. என் மெக்கானிக் அந்த லைன்ல வேலை பார்த்தவரு. என் பிளாட்ஃபாரத்தைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "சார், டிக்கி டிரிம்ல ஒரு கிளிப் கூட உடைக்கலையே, பரவாயில்ல"ன்னாரு. எனக்கு அது ஐ.எஸ்.ஓ. சர்ட்டிஃபிகேட்.

எங்க போறதுங்கிறதையும் யோசிச்சுட்டுத்தான் வண்டியைத் தயார் பண்ணணும். வெளிநாட்டு வீடியோல காட்டுக்குள்ள போயி வண்டியை நிறுத்திப் படுக்குறதைப் பார்த்துட்டு இங்க கிளம்பாதீங்க. நம்ம ஊர்ல அனுமதி இல்லாம வனத்துறை நிலத்துல ராத்திரி தங்குறது குத்தம். 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீக்கு அப்புறம் மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்துடுச்சு. நடக்க ஆசைன்னா 2024 அக்டோபர்ல அரசே ஆரம்பிச்ச 'ட்ரெக் தமிழ்நாடு' இருக்கு, 40 பாதை, புக் பண்ணிட்டுப் போகலாம். ராத்திரி தங்க தனியார் கேம்ப் சைட், எஸ்டேட், தெரிஞ்சவங்க தோப்பு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ். திம்பம் மலைப்பாதை, முதுமலை–பந்திப்பூர் ரோடு ரெண்டும் ராத்திரி 9ல இருந்து காலைல 6 வரைக்கும் மூடிடுவாங்க. லேட்டா கிளம்பினா செக்போஸ்ட் வாசல்ல கேம்பிங் பண்ணலாம்.

எங்களுக்குப் பிடிச்சது ஜவ்வாது மலை. ஆலங்காயம் தாண்டி மேல போனா காவலூர். அங்கதான் வைணு பாப்பு வான்காணகம், 1986ல இருந்து 2.3 மீட்டர் தொலைநோக்கி வானத்தைப் பார்த்துட்டிருக்கு. ஏன் அங்க வெச்சாங்கன்னா இருட்டுக்காகத்தான். ஜி.எஸ்.டி. ரோட்டுல வளர்ந்த என் பொண்ணு அந்தப் பக்கம் ஒரு தோப்புல படுத்துக்கிட்டு, "அப்பா, இவ்ளோ நட்சத்திரமும் எப்பவும் இருக்குமா?"ன்னா. இருக்கும், மறைமலை நகர்லயும் இருக்கு, நம்ம லைட்டுல தெரியறதில்ல.

இப்ப அந்தக் கொட்டேஷன்ல இருந்த லைட் பாரை நினைச்சுப் பாருங்க. அதைப் போட்டுக்கிட்டு அங்க போயி நிக்கிற ஆளையும் நினைச்சுப் பாருங்க. சாதாரண ஹெட்லைட்டையே அங்க டிம்ல வெச்சு ஓட்டுங்கய்யா.

மொத்தச் செலவு என்னாச்சுன்னு கேப்பீங்க. பைப், ஜாயிண்ட், ப்ளை, ரெண்டு பின், தார்ப்பாய், கொசுவலை, தையக்கூலி எல்லாம் சேர்த்து ஒரு நல்ல டயர் ஜோடியோட விலை கூட வரல. டயர் வேற கணக்கு, அது எப்படியும் மாத்த வேண்டியது. கடைக்காரருக்கு "வேணாம் சார், நன்றி"ன்னு மெசேஜ் போட்டேன். "இ.எம்.ஐ. இருக்கு சார்"னு பதில் வந்துச்சு.

புதுசாவோ செகண்ட் ஹேண்ட்லயோ வண்டி வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். பேருல எஸ்.யூ.வி.ன்னு இருக்குறதைப் பார்த்து அட்வான்ஸ் குடுக்காதீங்க. கையோட ஒரு இன்ச் டேப் எடுத்துட்டுப் போங்க. பின் சீட்டை மடிங்க, படி எவ்ளோ நிக்குதுன்னு அளங்க, செருப்பைக் கழட்டிட்டு உள்ள ஏறி காலை நீட்டிப் படுங்க. சேல்ஸ் பையன் சிரிப்பான். சிரிக்கட்டும், முட்டி இடிக்கப் போறது அவனுக்கு இல்ல.